மண்டபத்துக்குப் படம் கீற எங்கே போவது? மட்டக்களப்பு நகரில் ஒரு பழைய அலுவலகம்

கோயில் பரிபாலன சபையோ, பள்ளிவாசல் நிருவாகமோ, விளையாட்டுக் கழகமோ ஒரு பொதுநோக்கு மண்டபம் கட்டக் காசு சேர்த்துவிட்டால் அடுத்த கேள்வி, படம் யார் கீறுவது என்பதுதான். வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியோரம் படம் கீறுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு கணினி, ஓர் அச்சுப்பொறி, வாசலில் மினுமினுக்கும் வீட்டுப் படம். இங்கே சொல்லப்போவது அந்த வரிசையில் சேராத ஓர் அலுவலகம். நகருக்குள் இரண்டு அறை, சின்னப் பெயர்ப்பலகை, விளம்பரம் கிடையாது. பெயரை இங்கே போடவில்லை. நடத்துகிறவர் 1978 சூறாவளிக்கு முன்பே அரசாங்கத்தில் படவரைஞராகச் சேர்ந்து, வேலையோடு படித்துக் கட்டடக் கலைஞராகி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வாட்டு, கூட்டுறவுக் கடை, வாசிகசாலை என்று பொதுக் கட்டடங்களையே கீறி ஓய்வுபெற்றவர். வருகிறவர்கள் ‘சேர்’ என்பார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். கணினியில் கீறுவது இப்போது இரண்டு இளைஞர்கள். தாள் வெளியே போகுமுன் சேரின் சிவப்புப் பேனை அதில் ஓடியிருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெட்டுமுகத் தாளுக்காக, அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தால் உள்ளே என்ன தெரியும் என்று காட்டும் படத்துக்காக, இங்கே போகலாம். கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டிக் காசு சேர்க்க வர்ணப் படம்தான் வேண்டும் என்றால் வேறிடம் நல்லது.

ஏன் வெட்டுமுகம்? காற்றுத்தான் காரணம். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் கரைதட்டிய சூறாவளிக்குப் பிறகு, 1980இல் அரசாங்கம் பலத்த காற்றுக்குக் கட்டடம் வடிவமைப்பதற்கென ஒரு கைநூல் வெளியிட்டது. நாட்டை மூன்று வலயமாகப் பிரித்தார்கள். நம் கரையோரம் முதலாம் வலயம். கொழும்பு மூன்றாம் வலயம். சாதாரணக் கட்டடத்துக்கு இங்கே விநாடிக்கு 49 மீற்றர் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். கொழும்பில் 33 மீற்றர். பார்வைக்கு ஒன்றரை மடங்குதான். ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 49ஐ 49ஆல் பெருக்கி, 33ஐ 33ஆல் பெருக்கி, ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள்: 2.2 வரும். கொழும்பில் ஒரு மண்டபத்துக்குக் கீறிய படத்தை அப்படியே கொண்டுவந்து களுதாவளையில் கட்டினால், அதன் கூரை இங்கே தாங்க வேண்டியதில் பாதியைக்கூடத் தாங்கக் கணக்கிடப்படவில்லை. வீதியோரக் கடைகளில் கிடைக்கும் ‘ரெடிமேட்’ படங்களில் பல இப்படி வந்தவைதான். தளப்படத்தில் இது தெரியாது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் என்ன கீறியிருக்கிறது என்பதில்தான் தெரியும்.

இன்னொரு படி உண்டு. அனர்த்தத்துக்குப் பிறகும் நின்று உதவ வேண்டிய கட்டடங்களுக்கு, ஆஸ்பத்திரி போன்றவற்றுக்கு, அதே கைநூல் முதலாம் வலயத்தில் 54 மீற்றர் சொல்கிறது. அழுத்தம் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஊரில் வெள்ளம் வந்தால் சனம் எங்கே போய்ப் படுக்கிறது? பள்ளிக்கூடத்திலும் இந்த மண்டபத்திலும்தான். ஆகவே பொது மண்டபம் என்றால் சேர் கேட்காமலே 54இல் கணக்குப் போடச் சொல்கிறார். இதற்குக் கம்பியும் போல்ட்டும் கூடும். சில சபைகள் முகம் சுளிப்பதுண்டு. இந்த விஷயத்தில் சேர் பக்கம்தான் நியாயம்.

அலுவலகத்தின் உள்ளறையில் பழைய தாள்கள் சுருட்டிக் குழாய்களில் வைத்திருக்கிறார்கள். கேட்டால் விரித்துக் காட்டுவார்கள், கட்டாயம் கேளுங்கள். ஒரு மனிதரின் உத்தியோக காலம் முழுக்க அதில் இருக்கிறது. தொடக்கத்துத் தாள்களில் 100க்கு 25 அடி பள்ளிக்கூடக் கட்டடம்: மூன்றடி அரைச்சுவர், மேலே கம்பிவலை, ஓட்டுக்கூரை, தூலம் சுவரின் மேல் சும்மா குந்தியிருக்கும். 78க்குப் பிந்திய தாள்களில் அதே அரைச்சுவர், அதே 25 அடி. ஆனால் சுவர்த்தலையில் சுற்றிவரக் கொங்கிறீற் வளை வந்துவிட்டது. அதிலிருந்து கம்பி கிளம்பித் தூலத்தைக் கட்டிப்பிடிக்கிறது. முக்கோணச் சுவருக்கு நடுவில் தூண் நிற்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கரையோரத் தாள்களில் தளம் உயர்ந்து, மாடி வந்து, கீழ்த்தளம் தூணாகத் திறந்து, படிக்கட்டு வெளிப்பக்கம் போய்விடுகிறது. கதவு பூட்டியிருந்தாலும் ஏறலாம் என்பதற்காக. எந்தத் தாளிலும் தோரண வளைவோ குவிமாடமோ கிடையாது. வேண்டும் என்று நின்றவர்களுக்கு முகப்பில் தனியாக ஒட்டிக் கொடுத்திருக்கிறார், கூரையைத் தொடாமல்.

முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். நில அளவைப் படம், உறுதிப் பிரதி, 2011 சனவரி வெள்ளத்தில் அந்த வளவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்ற கணக்கு, மூன்றும் தேவை. மூன்றாவதைத்தான் அதிகம் விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் கறை இருந்தால் அதை வீதி மட்டத்திலிருந்து அளந்து கொண்டுபோனால் போதும். பிறகு கேள்விகள் வரும்: எத்தனை கதிரை, சமைப்பது எங்கே, செருப்பு எங்கே கழற்றுவது, திறப்பு யார் கையில். கடைசிக் கேள்வி விளையாட்டில்லை. திறப்பு வைத்திருப்பவர் தூரத்தில் என்றால் கழிப்பறைக்கு வெளியிலிருந்தும் போகக் கதவு வைப்பார்.

அளவை எப்படி எடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. சபைகள் எப்போதும் பெரிதாகவே கேட்கின்றன. பிளாஸ்டிக் கதிரை ஒன்றுக்கு அகலம் இரண்டடி, வரிசைக்கு வரிசை மூன்றடி: ஆறு சதுர அடி. நடைபாதையோடு எட்டு என்று வையுங்கள். 60க்கு 30 அடி மண்டபத்தில் மேடை 12 அடி போனால் மிச்சம் 48க்கு 30, அதாவது 1,440 சதுர அடி. 180 பேர் இருக்கலாம். 300 பேருக்கு என்று நோட்டீஸ் அடித்துக் கட்டிய 60க்கு 30 மண்டபங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. அங்கே வாசலில் நிற்கிறவர்கள்தான் அதிகம்.

திசை பற்றிச் சேர் சொல்வது சுருக்கம். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், குறுக்குச் சுவர்கள் கிழக்கும் மேற்கும். பின்னேர வெயில் மேற்குச் சுவரில்தான் விழும். அங்கே மேடையோ களஞ்சிய அறையோ வந்தால் சனத்துக்குச் சூடு குறையும். மாரி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், ஆகவே விறாந்தை வடக்குப் பக்கம். கச்சான் காலத்தில் மேற்கிலிருந்து வரும் அனலை மேடைச் சுவர் தடுத்துவிடும். கோயில் வாசலைப் பார்த்தே மண்டப வாசல் வர வேண்டும் என்ற இடங்களில் இதில் பாதி அடிபட்டுப்போகும். அதற்கு அவர் சண்டை பிடிப்பதில்லை, தாழ்வாரத்தை நீட்டிவிடுவார்.

யன்னலில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். வழுக்கி ஓடும் அலுமினிய யன்னல் எவ்வளவு பெரிதாக வைத்தாலும் பாதிதான் திறக்கும். கடலுக்குக் கிட்ட அதன் சில்லுகளில் உப்புப் படிந்து, கொஞ்சக் காலத்தில் அந்தப் பாதியும் திறக்காது. இவர்கள் தாளில் வெளியே திறக்கும் மரக் கதவு யன்னல், அடிக்கட்டை இரண்டரை அடியில். இருப்பவரின் நெஞ்சுக்குக் காற்றுப் பட வேண்டும் என்பது கணக்கு. சுவர்த்தலைக்குக் கீழே துளைக் கல் வரிசை ஒன்று, சூடேறிய காற்று வெளியேற. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். மேலே துளை வைத்துக் கீழே யன்னலைப் பூட்டிவைத்தால் காற்றாடி சூட்டைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

இனிக் கூரை. இங்கேதான் இந்த அலுவலகம் தன் கூலிக்கு உழைக்கிறது. இவர்கள் தரும் படக்கட்டின் ஐந்தாம் தாளில் ஒரு விவரப் படம் உண்டு, ஒன்றுக்கு ஐந்து அளவில், உள்ளங்கை அகலத்துக்கு. சுவர்த்தலை வளைக்குள் நாலு கம்பி, 12 மி.மீ.; சுற்றுக்கம்பி ஆறு இஞ்சிக்கு ஒன்று. ஒவ்வொரு தூணின் கம்பியும் வளைக்குள் போய் மடங்குகிறது, அந்தரத்தில் முடியவில்லை. தூலம் இருக்கும் இடத்தில் வளையிலிருந்து இரண்டு போல்ட் மேலே வருகிறது. கொங்கிறீற் போடுமுன் அவற்றைக் கம்பியோடு கட்ட வேண்டும் என்று பக்கத்தில் தமிழில், கையெழுத்தில் எழுதியிருக்கிறது. இந்த ஒரு வரிக்காகவே காசு கொடுக்கலாம். மேசன்மார் வழக்கமாகச் செய்வது கொங்கிறீற் போட்டபின் போல்ட்டைச் சொருகுவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். காற்று மேல்நோக்கி இழுக்கும்போது சொருகிய போல்ட் பல் பிடுங்கியதுபோல் வந்துவிடும். சூறாவளி கூரையை அமத்திக் கெடுப்பதில்லை, இழுத்துத்தான் கெடுக்கிறது. அதனால் கூரையிலிருந்து அத்திவாரம் வரை கொளுவல் எங்கும் அறுபடக் கூடாது: தகடு அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான சிலாகையோடு, சிலாகை தூலத்தோடு, தூலம் வளையோடு, வளை தூணோடு, தூண் அத்திவாரத்தோடு. ஒரு கண்ணி இளகினால் மற்றதெல்லாம் அலங்காரம்.

தகட்டுக் கூரைக்கு விளிம்புகளிலும் முகட்டிலும் மூலைகளிலும் ஆணியைக் கிட்டக் கிட்டப் போடச் சொல்லியிருக்கிறார்கள். இழுவை அங்கேதான் அதிகம். சரிவு 25 பாகைக்கு மேல், முடிந்தால் நாலு பக்கமும் சரியும் கூரை. விறாந்தைக் கூரையைப் பிரதான கூரையின் நீட்சியாக இறக்காமல், சுவரிலிருந்து தனியாகக் கீறுகிறார்கள். காற்று விறாந்தையைப் பிய்த்தாலும் பெரிய கூரை நிற்க வேண்டும். இரும்புத் தூலம் என்றால் மூடிய பெட்டிக் கம்பியைத் தவிர்த்துக் கோண இரும்பு. கடற்கரையில் பெட்டிக் கம்பி உள்ளுக்குள் கறள் பிடிக்கும்; வெளியே பெயின்ற் பளபளக்கும், உள்ளே ஒன்றும் இராது. கோண இரும்பு கறள் பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியும், தீட்டலாம்.

‘பாவா ஸ்டைல்’ கேட்டு வருகிறவர்கள் இப்போது கூட. ஜெப்ரி பாவா முதலில் வழக்கறிஞர். 38 வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றவர். 1982இல் திறந்த கோட்டே பாராளுமன்றமும், மாத்தறைக்குப் பக்கத்தில் ருகுணு பல்கலைக்கழகமும் அவர் செய்த பெரிய பொதுக் கட்டடங்கள். அவருடைய பங்காளியாக இருந்து பொறியியல் பக்கத்தைப் பார்த்தவர் பூலோகசுந்தரம் என்ற தமிழர். அந்தப் பெயரை நம் பக்கத்தில் சொல்வார் குறைவு. பாவா பரப்பிய ஒரு முறை, நெளிவுச் சீற்றின் மேல் அரைவட்ட ஓடு பரப்புவது. மழைக்குச் சீற், வெயிலுக்கு ஓடு, மலிவு, குளிர்ச்சி. அதை இங்கே கேட்டால் சேர் முதலில் கடல் எவ்வளவு தூரம் என்பார். தென்மேற்கில் சும்மா அடுக்கிய ஓடு தங்கும். முதலாம் வலயக் காற்றில் அது பறக்கும், பறக்கிற ஓடு அடுத்த வீட்டு யன்னலுக்குப் போகும். விளிம்பு வரிசைகளையும் இடையிடையே வரிசைகளையும் சாந்தில் பதித்து, சீற்றுக்குக் கீழே சிலாகையை நெருக்கினால் செய்து தருகிறார். பாரம் கூடுவதால் தூலமும் தடிக்கும். அப்போது ‘மலிவு’ என்ற சொல் அடிபட்டுப்போகிறது.

அத்திவாரத்துக்கு மாதம் குறித்துக் கொடுக்கிறார்கள், ஜோசியம் மாதிரி. ஆடி, ஆவணி. மணல் நிலத்தில் மாரியில் கிடங்கு வெட்டினால் மூன்றடியில் தண்ணீர் வரும்; இறைக்க இறைக்கக் கரை சரிந்து விழும், கிடங்கு கிணறாகும். கடலுக்குக் கிட்டக் கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் கொங்கிறீற்றுக்கு அதைத் தொடக் கூடாது, கடல் மணலையும் கூடாது. உப்புக் கம்பியைத் தின்னும். கம்பி கறளேறினால் பருக்கும், பருத்தால் கொங்கிறீற்றை வெடிக்கவைக்கும். பழைய கட்டடத் தூண்களில் மூலையோடு நீளமாக ஓடும் வெடிப்பு இதுதான். மேலே சாந்து பூசி மறைப்பதால் நிற்காது. தூண் கம்பிக்கு வெளியே 40 மி.மீ. கொங்கிறீற் மூடியிருக்க வேண்டும் என்று தாளில் இருக்கிறது. அதற்கான சீமெந்து வில்லைகளை முதலே வார்த்து வைக்கச் சொல்லுங்கள். கல்லைச் செருகிச் சமாளிப்பதைத் தளத்தில் யாராவது நின்று தடுக்காவிட்டால் தாளில் எழுதியது தாளோடுதான்.

சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், மாற்றுத்திறனாளிகளின் அணுகல் வசதிக்கான 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளுக்குப் பிறகு பொதுக் கட்டடத்துக்குக் கட்டாயம். சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. வெள்ளத்துக்காகத் தளத்தை இரண்டடி உயர்த்தினால் சாய்தளம் 24 அடி. நடுவில் ஐந்தடி சமதரை சேர்த்தால் 29. பல சபைகள் இதை மறந்துவிட்டு, கடைசியில் ஆறடியில் ஒரு சறுக்கல் கட்டி வைக்கின்றன. சக்கர நாற்காலி அதில் ஏறாது, இறங்கினால் நிற்காது. இவர்கள் முதல் தாளிலேயே இடம் ஒதுக்கி, விறாந்தையோடு ஒட்டிக் கொண்டுபோகிறார்கள்.

மலக்குழியை எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது ஊரறிந்தது. மாரியில் நிலத்தடி நீர் ஏறினால் ஊறுகுழி ஊறாது, திருப்பித் தள்ளும் என்பது கலியாணத்தன்றுதான் தெரியவரும். தாளில் கழிப்பறைத் தளத்தை மண்டபத் தளத்தைவிடவும் உயர்த்தியிருப்பது அதற்காக. ‘ஏன் படி ஏறிப் போகவேண்டும்’ என்று கேட்டு அதை இறக்கச் சொல்லாதீர்கள்.

விலைக் கணக்குத் தாளும் தருகிறார்கள். சீமெந்து ஒன்றுக்கு மணல் இரண்டு, கல் நாலு என்ற கலவையில் ஒரு கியூப் (100 கன அடி) கொங்கிறீற்றுக்கு 50 கிலோ சீமெந்து 18 மூடை, மணல் அரைக் கியூபுக்குக் கொஞ்சம் குறைய, முக்கால் இஞ்சிக் கல் ஏறக்குறைய 0.9 கியூப் என்று பிரித்துக் காட்டியிருக்கும். கொந்தராத்துக்காரர் 14 மூடையோடு முடித்துவிட்டேன் என்று பெருமைப்பட்டால் எங்கே மிச்சம் பிடித்தார் என்று இதை வைத்துக் கேட்கலாம்.

குறைகளும் சின்னதில்லை. முதலாவது தாமதம். மூன்று கிழமை என்றால் ஏழு கிழமை. சிவப்புப் பேனை ஒருவர் கையில் மட்டும் இருப்பதால் வரிசை அங்கே தேங்கி நிற்கிறது. இரண்டாவது, மின்சாரத் தாள் ஏனோதானோ. காற்றாடியும் விளக்கும் புள்ளி போட்டிருக்கும். மேடைக்கு எத்தனை சொக்கற், ஒலிபெருக்கிக்காரர் வயரை எந்த வழியால் இழுப்பார், ஜெனரேற்றர் எங்கே நிற்கும், ஒன்றும் இராது. கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது எதிரொலி. சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர், தகட்டுக் கூரை. மைக்கில் ஒருவர் பேசினால் இருவர் பேசுவதுபோல் கேட்கும். மழை பெய்தால் ஒருவரும் கேட்காது. காற்றையும் தண்ணீரையும் இவ்வளவு யோசித்தவர் காதை யோசிக்கவில்லை. பள்ளிக்கூடமும் வாட்டும் கீறிய கையின் பழக்கம் என்று நினைக்கத் தோன்றுகிறது. பின்சுவரில் துளைக் கல்லைக் கூட்டியும், கூரைக்குக் கீழே மென்பலகை அடித்தும் இதைப் பாதியாகக் குறைக்கலாம். படம் முடியுமுன் சொன்னால் சேர்த்துத் தருவார்கள்.

அனுமதி வேலை தனி. மாநகர சபையோ பிரதேச சபையோ, விண்ணப்பம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், படப் பிரதிகள், கையொப்பங்கள் என்று போகும். சனம் கூடும் கட்டடத்துக்குக் கட்டடக் கலைஞரின் கையொப்பத்தோடு அமைப்புப் பொறியியலாளரின் கையொப்பமும் கேட்பார்கள். இரண்டையும் ஒரே கட்டணத்துக்குள் இவர்கள் ஒழுங்குசெய்கிறார்கள். மலிவான இடங்களில் இது பிறகு வரும் செலவு. கடலோரக் காணி என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அதற்கு நீங்களேதான் அலைய வேண்டும். கட்டி முடிந்தபின் இணக்கச் சான்றிதழ் எடுக்க மறந்துவிடாதீர்கள். கட்டியது படத்தோடு ஒத்துப்போகிறதா என்று அப்போது பார்ப்பார்கள். இடையில் கதவு, யன்னல் இடம் மாற்றியிருந்தால் திருத்திய படம் தேவைப்படும்.

கட்டணம் நாலு தவணை. கடைசித் தவணை தளத்துக்கு வரும் மூன்று வருகைகளோடு சேர்ந்தது: அத்திவாரக் கம்பி கட்டியபின், சுவர்த்தலை வளைக்குக் கம்பி கட்டியபின், தூலம் ஏற்றியபின். இரண்டாவது வருகையை விட்டுவிடாதீர்கள். கொங்கிறீற் போட நாள் குறித்தால் இரண்டு நாள் முன்னே சொல்ல வேண்டும், காலையில் சொன்னால் வரமாட்டார்கள். சேர் தளத்துக்கு வந்தால் முதலில் பார்ப்பது ஐந்தாம் தாளின் அந்த இரண்டு போல்ட்டுகளைத்தான். கையால் பிடித்து ஆட்டுவார். ஆடினால் அன்றைக்குக் கொங்கிறீற் இல்லை.